இலைகூட அசையாதபோது பூங்காவை எதற்குப் பூட்டி வைக்கிறார்கள்?

கேள்வி இதுதான்: பலத்த காற்று வீசும் என்று சொல்லிப் பொதுப் பூங்காவை நாள் முழுக்க மூடிவிட்டார்கள். குடும்பத்தோடு போனவர் கேட்டில் நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறார். அந்த நேரம் நல்ல வெயில், காற்று என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. இது நிஜமாகவே பாதுகாப்புக்காகவா, இல்லை ஊழியர்கள் ஓய்வெடுக்க ஒரு சாக்கா?

ஒரு பெரிய பூங்காவில் 9 வருடம் மரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தேன். அந்தக் கேட்டுக்கு உட்புறம் நின்று இதே கேள்வியை நூறு தடவை வாங்கிக் கட்டிக்கொண்டவன். "தம்பி, இலைகூட அசையல, எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?" என்று கேட்டவர்களிடம் நான் சொன்ன பதில் பாதி நேரம் எனக்கே திருப்தியாக இருக்காது, ஏனென்றால் கேட்டுக் கம்பிக்கு நடுவில் வைத்துச் சொல்கிற விஷயம் இல்லை இது. இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஓய்வு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். மூடிய நாளில்தான் எங்களுக்கு முதுகு ஒடியும். சரி, அது போகட்டும்.

எப்போது மூடுவது என்பதைத் தீர்மானிப்பது, உள்ளே இருக்கிற ஆட்களை வெளியே கொண்டுவர எவ்வளவு நேரம் ஆகும் என்ற கணக்கு. லண்டனில் உள்ள கியூ தாவரவியல் பூங்காவை எடுத்துக்கொண்டால் 300 ஏக்கருக்கு மேல். அவ்வளவு பெரிதாக வேண்டாம், அதில் நாலில் ஒரு பங்கு இருந்தாலே போதும், கடைசி மூலையில் படுத்துப் புத்தகம் படிப்பவர், குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு மெதுவாக வருபவர், கோல் ஊன்றி நடக்கும் பெரியவர், "இதோ ஒரே ஒரு போட்டோ" என்பவர், எல்லோரையும் வெளியே சேர்க்க எங்களுக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். காற்று 2 மணிக்கு வலுக்கும் என்று எச்சரிக்கை வந்தால் பன்னிரண்டரைக்கே காலி செய்ய ஆரம்பிக்க வேண்டும், அதற்கு முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்தியாக வேண்டும். இரண்டு மணி நேரத்துக்காக எதற்கு உள்ளே விட்டு மறுபடி துரத்துவது என்று காலையிலிருந்தே பூட்டிவிடுவார்கள். நீங்கள் 11 மணிக்கு வந்து பார்க்கும்போது இலை அசையாமல்தான் இருக்கும். காற்று வந்த பிறகு காலி செய்ய ஆரம்பித்தால், எல்லோரையும் சரியாக அந்த மோசமான நேரத்தில் மரங்களுக்கு அடியில் நடக்க வைக்கிறோம் என்று அர்த்தம். வழியெல்லாம் மரம்தானே.

அடுத்து போன். "பாருங்க, 35 கிலோமீட்டர்னுதான் காட்டுது" என்று திரையை நீட்டுவார்கள். அந்த 35 பெரும்பாலும் சராசரி, திறந்தவெளியில் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்குச் சொல்வது. சராசரி கிளையை முறிப்பதில்லை. நடுவில் சில விநாடிகள் குப்பென்று ஒரு வீச்சு வரும், அதுதான் முறிக்கும். சராசரி 35 என்றிருக்கும் நாளில் 55, 60 வேகத்தில் ஒரு வீச்சு வந்து போவது சாதாரணம்.

அதோடு காற்றின் அழுத்தம் வேகத்தைப் போல நேராக ஏறாது, வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். 40 கிலோமீட்டர் வேகக் காற்று தனக்கு நேராக நிற்கும் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ எடை சாய்ந்தது போல அழுத்தும். 80 என்றால் 30 கிலோ. ஒரு பெரிய மரத்தின் தலையில் எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மரம் இலையை மடக்கி, மிலாறு என்கிற சிறு குச்சிக் கிளைகளை வளைத்துக் காற்றைக் கொஞ்சம் வழுக்கி விடும், அதனால் இந்தக் கணக்கு அப்படியே முழுசாகப் பொருந்தாது. ஆனால் வயதான மரத்தின் தடித்த கிளைக்கு அந்த வளைவு எல்லாம் கிடையாது.

பியூஃபோர்ட் அளவுகோல் என்று ஒன்று உண்டு. 1805இல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பியூஃபோர்ட் கப்பலுக்காகப் போட்டது, பின்னால் தரைக்கும் சேர்த்து எழுதினார்கள். அதில் 7 என்றால் மணிக்கு 50 முதல் 61 கிலோமீட்டர், முழு மரமும் ஆடும். 8 என்றால் 62 முதல் 74, மிலாறுகள் ஒடிந்து விழும். மரம் வேரோடு சாய்வது 10இல், 89க்கு மேல். இதை வைத்துக்கொண்டு "89 வந்தால்தானே மரம் விழும்" என்று என்னிடம் வாதாடிய ஒருவர் இருந்தார். அந்த எண்களும் சராசரிதான் என்பது ஒன்று. இன்னொன்று, ஏற்கெனவே காளான் பிடித்த தூரோ, உள்ளே உளுத்துப்போன கவையோ இருந்தால் மரம் அளவுகோலைப் பார்த்து விழுவதில்லை.

கிளைதானே, என்ன ஆகிவிடும் என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு காற்று நாளுக்கு மறுநாள் காலையில் சுற்றி வந்தபோது புல்வெளியில், ஒரு பெஞ்சுக்குப் பக்கத்தில், யாரோ கம்பு நட்டு வைத்தது போல ஒரு கிளை நேராக நின்றுகொண்டிருந்தது. கை மொத்தம்தான். நானும் இன்னொருவரும் பிடித்து இழுத்தோம், வரவில்லை. முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டித்தான் பிடுங்கினோம், முழங்கை வரை மண்ணுக்குள் இறங்கியிருந்தது. பிடுங்கிய இடத்தில் இருந்த ஓட்டை அவ்வளவு சுத்தமாக, துளைபோட்டு எடுத்த மாதிரி இருந்தது. பெஞ்சில் ஒரு கீறல் இல்லை. கணக்குப் போட்டால் இதில் ஆச்சரியமும் இல்லை. ஒரு மீட்டர் நீளம், 10 சென்டிமீட்டர் குறுக்களவு உள்ள பச்சைக் கிளை 7 கிலோ வரும். 20 மீட்டர் உயரத்திலிருந்து அது விழுந்தால் தரைக்கு வர 2 விநாடிதான், வந்து சேரும்போது வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். காற்று இரைகிற சத்தத்தில் அது முறிகிற சத்தமும் கேட்காது. நிமிர்ந்து பார்க்க நேரம் எங்கே இருக்கிறது?

மரம் முழுதாகச் சாய்வது வேறு கதை. மரத்துக்கு மேலே எவ்வளவு உயரமோ கீழேயும் அவ்வளவு ஆழம் வேர் இருக்கும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வளர்ந்த மரங்களில் பெரும்பாலான வேர்கள் மேல் ஒரு மீட்டருக்குள்தான் ஓடும், ஆழத்தில் போவதைவிட அகலத்தில் போவதுதான் அதிகம். தட்டு மாதிரி. மூன்று நாள் மழைக்குப் பிறகு காற்று அடித்த ஒரு நாள், என்னோடு வேலை பார்த்த ஒரு பெரியவர் கூப்பிட்டு, "மேல பாக்காத, கீழ பாரு" என்றார். காற்று வரும் பக்கத்தில், தூரிலிருந்து நாலடி தள்ளி, மண்ணில் விரல் அகலத்துக்கு ஒரு வெடிப்பு. ஒவ்வொரு வீச்சுக்கும் அது திறந்து மூடியது. திறக்கும்போது சேற்றுத் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொண்டது, மூடும்போது துப்பியது. தலைக்கு மேலே மரம் பக்கத்து மரங்களைப் போலத்தான் ஆடிக்கொண்டிருந்தது, ஒரு வித்தியாசமும் இல்லை. இரண்டு பேரும் பேசாமல், மரத்தின் உயரத்துக்கு ஒன்றரை மடங்கு தூரம் போன பிறகுதான் நின்றோம்.

அந்த மரம் அன்று விழவில்லை. காற்று நின்று, வெயில் வந்து, மறுநாளும் போய், மூன்றாம் நாள் விடிகாலை ஒன்றுமே இல்லாத நேரத்தில் நடைபாதைக்குக் குறுக்கே கிடந்தது. "காற்றுதான் நின்னுபோச்சே, இன்னும் ஏன் திறக்கல" என்ற அடுத்த கேள்விக்கு எனக்கு இந்த மரத்தைத் தவிர வேறு பதில் தெரியாது. மூடியதைத் திறப்பதற்கு ஒவ்வொரு பாதையாக நடந்து, அண்ணாந்து பார்த்து, முறிந்தும் கீழே விழாமல் மேல்கவையில் சிக்கித் தொங்கும் கிளைகளைத் தேட வேண்டும். அப்புறம் தூர்களைச் சுற்றி மண் பார்க்க வேண்டும். தொங்கும் கிளைக்குத்தான் எனக்கு அதிக பயம், ஒரு காக்கை உட்கார்ந்தாலே வந்துவிடும்.

நல்ல மரம் எது, கெட்ட மரம் எது என்று முன்கூட்டியே தெரியாதா என்றும் கேட்டிருக்கிறார்கள். ஓரளவுக்குத் தெரியும். முழுதாகத் தெரிந்தால் மூட வேண்டிய அவசியமே இல்லை, அந்த மரத்தை மட்டும் கவனித்தால் போதும். 2017 பிப்ரவரி 11 அன்று சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவில் 40 மீட்டர் உயரமுள்ள தெம்புசு மரம் வேரோடு விழுந்து ஒரு பெண் இறந்தார், வேறு சிலருக்குக் காயம். 270 வருடத்துக்கு மேல் வயதான மரம், பாரம்பரிய மரம் என்று பட்டியலில் வைத்துப் பராமரித்தது, சில மாதங்களுக்கு முன்பு நடந்த பரிசோதனையில் கோளாறு எதுவும் தெரியவில்லை. உலகத்திலேயே மரங்களை அக்கறையாகக் கவனிக்கும் ஊர்களில் ஒன்று அது.

மாட்ரிட்டில் உள்ள ரெட்டிரோ பூங்காவில் 2018இல் மரம் விழுந்து ஒரு சிறுவன் இறந்தான். அங்கே இப்போது வானிலையைப் பொறுத்து மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று படிப்படியாக எச்சரிக்கை போட்டு, கடைசிப் படியில் பூங்காவையே மூடுகிறார்கள். கடும் வெயிலும் காற்றும் சேர்ந்த நாட்களிலும் மூடியிருக்கிறார்கள், நிழல் தேடி வருகிற நாளில் பூட்டினால் எப்படி என்று அந்த ஊர்க்காரர்களுக்கு இதில் நிறையக் கோபம். கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இதையும் ஒப்புக்கொள்கிறேன்: எல்லா மூடலும் சரியானது இல்லை. என்ன வேகத்துக்கு என்ன செய்வது என்று முன்கூட்டியே எழுதி வைக்காத இடங்களில், அதிகாரி பயந்தால் பூட்டு, பயப்படாவிட்டால் திறப்பு என்றுதான் நடக்கும். "நிர்வாகக் காரணங்களுக்காக மூடப்பட்டுள்ளது" என்ற அட்டையைப் பார்த்தால் எனக்கே எரிச்சல் வரும். எத்தனை மணிக்கு எவ்வளவு வீச்சு எதிர்பார்க்கிறோம், எப்போது மறுபடி பார்ப்போம் என்று இரண்டு வரி எழுத என்ன கஷ்டம்? டிக்கெட் எடுத்தவருக்குப் பணத்தையோ வேறு தேதியையோ கொடுப்பதிலும் இழுத்தடிக்கக் கூடாது.

மரம் உள்ள பகுதியை மட்டும் கயிறு கட்டி மறைத்துவிட்டு புல்வெளியைத் திறந்துவிடலாமே என்பது நல்ல யோசனைதான், நாங்களும் செய்து பார்த்தோம். காற்றோடு நாலு துளி மழை விழுந்தது. அவ்வளவுதான், மொத்தக் கூட்டமும் கயிற்றைத் தாண்டிக் குனிந்து ஓடிப்போய் இருப்பதிலேயே பெரிய மரத்தடியில் ஒதுங்கி நின்றது.

1987 அக்டோபரில் தென் இங்கிலாந்தை அடித்த பெரும் புயலில் சுமார் ஒன்றரைக் கோடி மரங்கள் விழுந்தன, கியூவில் மட்டும் 700. மழையில் மண் ஊறிக் கிடந்தது, இலை இன்னும் உதிராமல் மரங்கள் கப்பல் பாய் விரித்த மாதிரி நின்றன. அது அடித்தது நடுராத்திரியில், பூங்காவில் ஆள் இல்லை. பகலில் அடித்திருந்தால் என்ற கேள்வியை இந்த வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்திருப்பார்கள். (அந்தப் புயலில் கியூவில் 1798இல் நட்ட டர்னர் ஓக் மரம் ஒன்று வேர்த்தட்டோடு மேலே தூக்கி, பழைய இடத்திலேயே மறுபடி உட்கார்ந்தது. முட்டுக்கொடுத்து விட்டுவிட்டார்கள். அதற்கு முன்பு வாடிக்கொண்டிருந்த மரம், மூன்று வருடத்தில் தழைத்துவிட்டது. அத்தனை வருடமாக மக்கள் கால்பட்டு இறுகிப்போன மண்ணைப் புயல் கிளறிவிட்டதுதான் காரணமாம். மரத்தடியில் நடக்காதீர்கள் என்று பலகை வைப்பதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு.)

கடைசியாக, கேள்வியின் கீழே ஒருவர் "சுவர் ஏறிக் குதித்துப் போனால் என் உயிர், என் பாடு" என்று கேட்டிருந்தார். எங்கள் பூங்காவில் ஒரு காற்று நாளில் இரண்டு பேர் அப்படிக் குதித்து உள்ளே போனார்கள், காவலாளி கேமராவில் பார்த்துவிட்டார். உள்ளே ஆள் இருப்பது தெரிந்தால் யாராவது போய்க் கூட்டி வரத்தான் வேண்டும், அன்று முறை என்னுடையது. ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனேன். ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தார்கள், நல்ல பிள்ளைகள்தான், கூப்பிட்டதும் எழுந்து வந்தார்கள். திரும்பி வரும் வழி முழுக்க அவர்களில் ஒருவன் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே வந்தான், என்ன சொன்னான் என்று எனக்கு ஒரு வார்த்தை நினைவில்லை, நான் அண்ணாந்து மரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.