மெக்சிகோவின் சின்சுன்சான்: ஸ்பானியர் வருவதற்கு முன் அங்கே யார் இருந்தார்கள்?

இன்றைக்குப் பார்த்தால் மிச்சோவகான் மாநிலத்தில், பாட்ஸ்குவாரோ ஏரிக்கரையில் இருக்கும் ஒரு சின்ன ஊர். ஆனால் 15ஆம் நூற்றாண்டில் இதுதான் புரேபெச்சா என்ற மக்களுடைய அரசின் தலைநகர். புரேபெச்சா மொழிக்கு அக்கம்பக்கத்து மொழி எதோடும் உறவு கிடையாது.

முதலில் ஏரியைச் சுற்றிப் பாட்ஸ்குவாரோ, இஹுவாட்சியோ, சின்சுன்சான் என்று மூன்று அதிகார மையங்கள் இருந்தன. பிறகு சின்சுன்சானின் கை ஓங்கியது. ஏரியைப் பார்த்தபடி ஒரு பெரிய மேடை எழுப்பி, அதன்மேல் வரிசையாக ஐந்து யாகாத்தாக்களை, அதாவது படிப்படியாக உயரும் கோயில் மேடைகளைக் கட்டினார்கள். ஒரு பக்கம் நீள்சதுரம், மறுபக்கம் வட்டமாகத் துருத்தி நிற்கும் அமைப்பு. உள்ளே வெறும் கல்குவியல், வெளியே இழைத்துப் பொருத்திய கற்பலகை. தீக்கடவுளான குரிகாவேரிக்கு அங்கே ஓயாமல் விறகு எரிந்தது.

செம்பு, வெண்கல வேலையில் இவர்கள் கில்லாடிகள். 1479 வாக்கில் படையெடுத்து வந்த அண்டைப் பேரரசான அஸ்டெக்குகளை அடித்து விரட்டிவிட்டார்கள். அந்தப் பகை சும்மா போகவில்லை: ஸ்பானியரை எதிர்க்க அஸ்டெக்குகள் உதவி கேட்டு வந்தபோது மன்னர் சுவாங்குவா கைகொடுக்கவில்லை. அப்புறம் பெரியம்மை வந்து அவரையே கொண்டுபோனது. ஸ்பானியப் படையை விட நோய்தான் முதலில் வந்து சேர்ந்தது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

அவர் மகன் இரண்டாம் தங்காஷுவான், 1522இல் பெரிய போர் இல்லாமலே ஸ்பானியரிடம் பணிந்தார். அதுவும் அவரைக் காப்பாற்றவில்லை; 1530இல் ஸ்பானிய அதிகாரி நூனியோ தெ குஸ்மான் அவரைச் சித்திரவதை செய்து கொன்றான்.