ஆட்டுக்குட்டியும் முன்னுரையும்

வணக்கம்.

என் மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். சிறு வயதில் காலண்டர் தாளைக்கூட விடாமல் எழுதுவாள். போன மாதம் 'கோடை விடுமுறை' என்ற கட்டுரைக்கு, பாட்டி ஊரில் ஆட்டுக்குட்டி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி, கோயில் முற்றத்தில் காயவைத்திருந்த நெல்லை மேய்ந்த கதையை மூன்று பக்கம் எழுதினாள். முன்னுரை இல்லை, உட்தலைப்பு இல்லை என்று அடித்துக் கொடுத்துவிட்டார்கள். இப்போது கைடைப் பார்த்து எழுதுகிறாள். மதிப்பெண் வருகிறது, ஆனால் பேனாவை எடுக்கவே சலித்துக்கொள்கிறாள். தினமும் ஒரு பக்கம் நாட்குறிப்பு எழுதவைக்கலாமா? அந்தக் கட்டுரையின் படத்தை இணைத்திருக்கிறேன்.

ஒரு தாய், விருதுநகர்

அன்புள்ள சகோதரிக்கு,

வேண்டாம். நீங்கள் எழுதவைக்கும் நாட்குறிப்பு இன்னொரு வீட்டுப்பாடமாகிவிடும்.

கட்டுரையை இரண்டு முறை படித்தேன். ஆடு கத்துவதை 'மேஎஎஎ' என்று எழுதியிருக்கிறாள். அதைப் பிழை என்று சிவப்பு மையில் சுழித்திருக்கிறார்கள். ஓசைக்காக நெடிலை இப்படி நீட்டுவதற்கு நம் இலக்கணத்தில் அளபெடை என்று பெயர். 'கெடுப்பதூஉம்' என்று வள்ளுவர் நீட்டியதும் அதுதான். யாரும் சொல்லித்தராமல், காதால் மட்டுமே அதைக் கண்டுபிடித்திருக்கிறாள் உங்கள் மகள். அந்தச் சுழிப்பைப் பார்த்து எனக்கு மனம் ஆறவில்லை.

தேர்வுக்கு முன்னுரையும் முடிவுரையும் எழுதட்டும். அது தேர்வுக்கு மட்டும்தான் என்று அவளிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பிரான்சில் செலஸ்தேன் ஃப்ரெனே என்றொரு ஆசிரியர் இருந்தார். முதல் உலகப்போரில் நுரையீரலில் குண்டடி பட்டவர். நெடுநேரம் பேச முடியாது. தெற்கே பார்-சுர்-லூ என்ற சிற்றூர்ப் பள்ளியில் வேலை பார்த்தபோது பிள்ளைகளை வெளியே நடக்கக் கூட்டிப்போவார். திரும்பி வந்ததும் கண்டதை அவர்களே சொல்வார்கள், எழுதுவார்கள். 1924இல் சிறிய அச்சுப்பொறி ஒன்றை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார். பிள்ளைகள் எழுதியதை வகுப்பே கூடித் திருத்தும். பிள்ளைகளே எழுத்துக் கோத்து அச்சடிப்பார்கள். அந்தத் தாள்கள் நாட்டின் மறுகோடியில், பிரித்தானி வட்டாரப் பள்ளி ஒன்றுக்குப் போகும். அங்கிருந்து பதில் வரும். மதிப்பெண்ணுக்காக இல்லாமல், தெரிந்துகொள்ளும் ஆசையோடு படிக்க எங்கோ நாலு பேர் காத்திருந்தார்கள். உங்கள் மகளுக்கு இல்லாமல் போனது அதுதான்.

அந்த மூன்று பக்கத்தையும் அப்படியே பாட்டிக்குத் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். அதற்கு முன் நீங்கள் படியுங்கள், கையில் பேனா இல்லாமல். 'கயிறு' என்பதற்கு 'கயிரு' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாள். இப்போது அதைச் சொல்ல வேண்டாம். ஆட்டைப் பிடித்தது யார், பூசாரி என்ன சொன்னார் என்று கேளுங்கள். எழுதாமல் விட்டது அவளுக்கே நினைவுக்கு வரும். அரசுப் பள்ளி மாணவர்களுக்காக 2022 முதல் வரும் 'தேன்சிட்டு' இதழ் அவள் வகுப்புக்கு உரியதுதான். பிள்ளைகளின் படைப்புகளும் அதில் வருகின்றன. அவள் விரும்பினால் மட்டும் அனுப்பட்டும்.

பாட்டியின் பதில் வந்ததும் எனக்கும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கட்டுரை நெல் குவியலோடு நின்றுவிட்டது. அந்த ஆட்டுக்குட்டி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிய வேண்டும்.

அன்புடன்.