ஒல்லியும் பூசினாற்போலும்: உடற்பயிற்சிக் கேள்வி-பதில்

வயது 20, உயரம் 174 செ.மீ., எடை 54 கிலோ. "நீ எக்டோமார்ஃப், என்ன தின்றாலும் உடம்பு ஏறாது, ஊசி போட்டால்தான் உண்டு" என்கிறார்கள் ஜிம்மில். உண்மையா?
- வாசகர், கோத்தகிரி

ஊசி வேண்டவே வேண்டாம், தம்பி. ஒல்லியான உடல்வாகுக்கு எக்டோமார்ஃப் என்று பெயர் வைத்தவர் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்க உளவியலாளர். 1940களில் கல்லூரி மாணவர்களின் படங்களைப் பார்த்து உடம்பை மூன்று வகையாகப் பிரித்தார். உடல்வாகை வைத்தே குணத்தையும் சொல்லிவிடலாம் என்றார். அதை அறிவியல் கைவிட்டு வெகுகாலமாகிறது. அளவெடுத்துச் சொல்லும் முறை பின்னால் வந்தது. அதுவும் இன்றைய உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டுமே சொல்லும், நாளைக்கு எப்படி ஆகும் என்று சொல்லாது. எலும்பின் நீளம், தோள் அகலம், மணிக்கட்டின் பருமன் இவை மாறாது. தசை மாறும்.

உங்கள் பி.எம்.ஐ., அதாவது கிலோ எடையை மீட்டர் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வரும் எண், 17.8. இது 18.5க்குக் கீழே இருப்பதால் எடை குறைவுதான். அண்மையில் மெலிந்திருந்தாலோ, இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ மாலைக் காய்ச்சலோ இருந்தாலோ, முதலில் காசநோய்க்கான சளிப் பரிசோதனை, சர்க்கரை, தைராய்டு பரிசோதனைகளைச் செய்துகொள்ளுங்கள். அதெல்லாம் சரி என்றால் மிச்சம் சாப்பாட்டுக் கணக்குதான். மேடேறி இறங்கும் ஊரில் நடையிலேயே நிறைய செலவாகிவிடும். அதோடு காலையில் டீயும் வர்க்கியுமாக முடித்துக்கொண்டால் புரதத்துக்கு இடமே இருக்காது. கிலோவுக்கு 1.6 கிராம் என்று வைத்தால் உங்களுக்கு நாளுக்கு 86 கிராம் புரதம் வேண்டும். மூன்று முட்டையில் 18, அரை லிட்டர் பாலில் 16, 50 கிராம் சோயா உருண்டையில் 26, 75 கிராம் பருப்பு அல்லது காய்ந்த அவரையில் 17 கிராம் கிடைக்கும். குறைவதைச் சோறும் தோசையும் ஈடுகட்டும். இதற்கு மேல் 50 கிராம் நிலக்கடலை சேர்த்தால் சுமார் 280 கலோரி கூடும்.

பயிற்சி வாரம் மூன்று நாள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். தண்டால், சுமையோடு உட்கார்ந்து எழுவது, கம்பியில் தொங்கி மேலே ஏறுவது, தரையிலிருந்து சுமையைத் தூக்குவது. நான்கு போதும். சுமைக்குப் பத்துக் கிலோ அரிசிப் பையே சரி. ஒவ்வொன்றும் மூன்று சுற்று, சுற்றுக்கு 8 முதல் 12 தடவை. இன்னும் இரண்டு முறை செய்யலாம் என்கிற கட்டத்திலேயே நிறுத்துங்கள். மூன்று சுற்றிலும் 12 வந்துவிட்டால் இரண்டு கிலோ ஏற்றுங்கள். தவறு எங்கே நடக்கிறது என்றால், தூக்கும்போது முதுகை வளைப்பதில்; ஏற்ற வேண்டிய சுமையை ஏற்றாமல் மாதக்கணக்கில் அதே எடையில் நிற்பதில். மார்கழிக் குளிரில் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்காமல் கம்பியில் தொங்கினால் தோள் பிடித்துக்கொள்ளும். மாதம் ஒரு கிலோ ஏறினால் நல்ல முன்னேற்றம். ஒரே வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் அது தசையல்ல, நீர்.

ஊசியில் இருப்பது பெரும்பாலும் டெஸ்டோஸ்டிரோன் வகை ஹார்மோன். வெளியிலிருந்து வந்ததும், விரைகளுக்கு மூளை அனுப்பும் உத்தரவு நின்றுபோகும். விரை சுருங்கும், விந்தணு குறையும், மார்பகம் பெருத்து வீங்கலாம், நல்ல கொழுப்பு இறங்கி இதயத்துக்குச் சுமை கூடும். நிறுத்திய பிறகும் பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும். சிலருக்கு முழுமையாகத் திரும்புவதே இல்லை.

வயது 27, உயரம் 155 செ.மீ., எடை 58 கிலோ, இடுப்பு 76 செ.மீ. பெண் பார்க்க வந்தவர்கள் "கொஞ்சம் குண்டு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். "எங்க காலத்துல இதுதான் லட்சணம்" என்கிறார் அம்மா. யார் சொல்வது சரி?
- வாசகி, குன்னூர்

உங்கள் அம்மா பொய் சொல்லவில்லை. அறுபதுகளில் திரையில் கொண்டாடப்பட்ட கதாநாயகிகள் பூசினாற்போல இருந்தவர்கள்தான். 2008 வாக்கில் 'சைஸ் ஜீரோ' என்ற பேச்சு வந்தது. இப்போது செல்போனே இடுப்பைச் சுருக்கிக் காட்டுகிறது. ஆண்களுக்கும் இதே கதைதான். ஒரு காலத்தில் இளவட்டக்கல்லைத் தூக்குபவன் மாப்பிள்ளை. ஊட்டியில் தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான முத்தநாடு மந்தில் இளைஞர்கள் விழா நாளில் உருண்டைக் கல்லைத் தோளில் ஏற்றுகிறார்கள். அங்கே பலம்தான் கணக்கு, வயிற்றில் எத்தனை கட்டம் தெரிகிறது என்பதல்ல. யூஜின் சாண்டோ என்ற உடற்கட்டு வீரர் 1905ஐ ஒட்டி இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்து தசைகளைக் காட்டினார். பிறகு நம்மூர்ப் பயில்வான்களுக்கே சாண்டோ என்று பட்டம் கொடுத்தோம். சோறு அரிதாக இருந்த நாளில் சதைப்பிடிப்பு வசதிக்கு அடையாளம். சோறும் எண்ணெயும் தாராளமாகி, வேலை நாற்காலிக்கு மாறியதும் மெலிவு அந்த இடத்துக்கு வந்தது.

இனி உங்கள் கணக்கு. பி.எம்.ஐ. 24.1. இந்தியர்களுக்கு 23லிருந்தே அதிக எடை, 25லிருந்து பருமன் என்பது 2009ல் நம் மருத்துவர்கள் ஒருமித்து வைத்த அளவு. வயிற்றுக் கொழுப்பு நமக்குச் சீக்கிரம் சேருவதே காரணம். ஆனால் பெண்களுக்கான இடுப்பு எல்லை 80 செ.மீ.; உங்களுடையது அதற்குக் கீழ், உயரத்தில் பாதிக்கும் கீழ். பயப்பட ஒன்றுமில்லை, ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அளக்கும்போது கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே நாடாவை வையுங்கள், மூச்சை இயல்பாக வெளியே விட்டுப் படியுங்கள். பாவாடை நாடா கட்டும் இடத்தில் அளந்தால் தப்பாக வரும்.

வாரம் 150 நிமிட வேக நடை, அதாவது பேச முடியும் ஆனால் பாட முடியாத வேகம். இரண்டு நாள் மேலே சொன்ன சுமைப் பயிற்சி. படுத்து எழும் பயிற்சி செய்தால் வயிற்றுக் கொழுப்பு மட்டும் கரையும் என்பது நடக்காது. கொழுப்பு எங்கிருந்து குறைவது என்பதை உடம்புதான் தீர்மானிக்கும். கல்யாணத்துக்குள் பத்துக் கிலோ என்று பட்டினி கிடக்காதீர்கள். முடி கொட்டும், மாதவிலக்கு தள்ளிப்போகும். ஹீமோகுளோபினைப் பாருங்கள். 12க்குக் கீழே இருந்தால் அது இரத்தசோகை; அதனால் வரும் சோர்வை உடல்வாகு என்று நினைத்துக்கொண்டிருப்போம். தேயிலையில் உள்ள டேனின் இரும்புச் சத்தை உறிஞ்ச விடாது. சாப்பிட்ட ஒரு மணி நேரம் கழித்தே டீ.

"குண்டு" என்றவர்களுக்காக ஒரு கிலோகூடக் குறைக்க வேண்டியதில்லை. ஒரு பெண்ணின் வீட்டுக்கு வந்து காபியும் குடித்துவிட்டு அவள் உடம்பை எடைபோட யாருக்கும் உரிமை கிடையாது.

வயது 52. மேடு ஏறும்போது ஒன்றுமில்லை, இறங்கும்போதுதான் முழங்கால் வலிக்கிறது.
- வாசகி, ஊட்டி

இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, முழங்கால் சில்லில் அழுத்தம் கூடுகிறது. அடியைச் சிறிதாக வையுங்கள், முட்டியை விறைக்காதீர்கள். வீட்டில் 10 செ.மீ. உயரப் படியில் நின்று ஒரு காலை மெல்ல, மூன்று எண்ணும் நேரத்தில் தரைக்கு இறக்குங்கள். காலுக்குப் பத்துத் தடவை, மூன்று சுற்று, வாரம் மூன்று நாள். முட்டி உட்பக்கம் சாயக் கூடாது. வீக்கமோ பூட்டிக்கொள்வதோ இருந்தால் எலும்பு மருத்துவரிடம் காட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

கோவையிலிருந்து மாற்றலாகி வந்தேன். அங்கே ஓடிய அதே வேகத்தில் இங்கே ஓட முடியவில்லை. உடம்பு கெட்டுவிட்டதா?
- வாசகர், ஊட்டி

இல்லை. ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடக் கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு, மூச்சுக்கு மூச்சு ஆக்சிஜனும் அவ்வளவு குறைவு. இரண்டு மூன்று வாரம் வேகத்தைக் குறைத்து ஓடுங்கள். குளிரில் தாகம் தெரியாது, தண்ணீரை நினைவாகக் குடியுங்கள். விடிந்த பிறகே கிளம்புங்கள். மூடுபனியில் காட்டெருமை பத்தடி தூரத்தில் வந்த பிறகுதான் கண்ணில் படும். எதிர்ப்பட்டால் ஓடாமல், முகம் பார்த்தபடியே மெல்லப் பின்வாங்குங்கள்.