ஆயிரம் அடிக்கு அப்பால் இருக்கும் வாழைக்குத் தண்ணீர் ஏன் எட்டவில்லை?

கேள்வி: களக்காடு பக்கம் எங்கள் தோட்டம். கிணற்றில் 5 ஹெச்.பி. மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாய் இணைந்தது) ஓடுகிறது. அங்கிருந்து ஏத்தன் வாழை நிற்கும் மேட்டுக்கு ஆயிரம் அடி, இரண்டு இன்ச் பி.வி.சி. பைப். ஏற்றம் மொத்தம் 40 அடி. மேட்டில் 200 லிட்டர் பேரல் நிறைய 40 விநாடி ஆகிறது. கடைசிப் பாத்தி நனைவதற்குள் மும்முனை கரண்ட் போய்விடுகிறது. மெக்கானிக் 7.5 ஹெச்.பி. மாற்றச் சொல்கிறார். மாற்றலாமா?

பதில்: மாற்றாதீர்கள், அண்ணாச்சி. பேரலை வைத்து அளந்தீர்களே, அதுதான் நல்ல காரியம். என்னிடம் வருபவர்களில் பாதிப்பேர் "தண்ணி கம்மியா வருது" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

உங்கள் அளவுப்படி விநாடிக்கு 5 லிட்டர் வருகிறது. அவ்வளவு தண்ணீர் இரண்டு இன்ச் பைப்பில் ஆயிரம் அடி ஓடினால், உள்சுவரில் உரசியே சுமார் 65 அடி உயரத்துக்கு ஏற்றுகிற சக்தி வீணாகிறது. நிஜமான ஏற்றம் 40 அடிதான். உங்கள் மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுவதைவிடப் பைப்போடு மல்லுக்கட்டுவதற்குத்தான் அதிகம் உழைக்கிறது.

இதில் 7.5 ஹெச்.பி. போட்டால் என்ன ஆகும்? தண்ணீர் வேகம் கூடினால் உரசல் அதைவிட வேகமாகக் கூடும். ஒன்றரை மடங்கு பெரிய மோட்டாருக்கு, ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர்தான் கூடுதலாகக் கிடைக்கும். ஸ்டார்ட்டர், கேபிள் எல்லாம் மாற்ற வேண்டும். இணைப்பில் பதிவான ஹெச்.பி.யை உயர்த்த மின்வாரிய அலுவலகத்துக்கு நடையாய் நடக்க வேண்டும். "அதெல்லாம் நான் பார்த்துக்கிடுதேன்" என்று ஒருவர் வருவார். அவரிடம் ஜாக்கிரதை. மோட்டார் விற்றால் கமிஷன் உண்டு. பைப்பை மாற்றச் சொன்னால் அவருக்கு என்ன கிடைக்கும்? மின்சாரம் மிச்சமாகும் என்று நட்சத்திர முத்திரை குத்திய பம்ப் என்றும் ஆசை காட்டுவார்கள். அந்த நட்சத்திரம் பம்புக்குத்தான், உங்கள் ஆயிரம் அடி பைப்புக்கு இல்லை. விவசாயக் கரண்டுக்குப் பெரும்பாலும் மீட்டரும் இல்லை, பில்லும் இல்லை. இந்த நஷ்டம் யார் கண்ணில் படும்? ஆபீஸ் காகிதத்தில் ஹெச்.பி. எழுதக் கட்டம் இருக்கிறது; பாத்திக்கு எத்தனை லிட்டர் போய்ச் சேர்ந்தது என்று கேட்க ஆளில்லை.

சரி, என்ன செய்யலாம்? மூன்று இன்ச் பைப் போட்டால், அதே 5 லிட்டருக்கு அந்த 65 அடி பத்துப் பதினோரு அடியாகக் குறையும். ஆனால் பழைய பைப்பைத் தோண்டி எடுத்து வீசவும் வேண்டாம். அது கிடக்கட்டும், பக்கத்திலேயே இரண்டரை இன்ச் பைப் ஒன்று புதைத்து, இரண்டு முனையிலும் டீ (T வடிவ இணைப்பு) போட்டு இணைத்துவிடுங்கள். தண்ணீர் இரண்டிலும் பிரிந்து ஓடும். மூன்று இன்ச் போட்டதற்குச் சமமாகவே வரும். கடைக்காரர் இதைச் சொல்ல மாட்டார். வாங்கும்போது பைப் மேல் ஐ.எஸ். 4985 (பி.வி.சி. பைப்புக்கான இந்தியத் தர எண்), எத்தனை கிலோ அழுத்தம் தாங்கும் என்று அச்சடித்திருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். "ஆறு கிலோ பைப்" என்று வாயால் சொல்லி நாலு கிலோ பைப்பைத் தள்ளுவது நடக்கிறது.

பைப் திரும்பும் இடத்தில் போடும் எல்போவைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். இரண்டு இன்ச் எல்போ ஒன்று ஐந்தாறு அடி பைப்புக்குச் சமம், அவ்வளவுதான். கிணற்றுக்குள் இறங்கும் பைப்பின் அடிமுனையில் இருக்கும் ஃபுட்வால்வு சல்லடையில் பாசி அடைத்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். இதைப் படித்துவிட்டு ராதாபுரம், வள்ளியூர் பக்கம் ஆழ்போர் வைத்திருப்பவர்கள் பைப் மாற்றக் கிளம்பிவிடாதீர்கள். போரில் 300 அடி ஆழத்திலிருந்து விநாடிக்கு 2 லிட்டர் எடுக்கிறீர்கள் என்றால், இரண்டு இன்ச் பைப்பில் அந்த 300 அடிக்கும் உரசல் நாலடிதான். மிச்சமெல்லாம் நிஜமான ஏற்றம். அதை எந்தப் பைப்பும் குறைக்காது. என் சொந்தக்காரர் ஒருவர் நான் எச்சரித்தும் கேளாமல் போரிலிருந்து தொட்டிவரை மூன்று இன்ச் போட்டார். தண்ணீர் ஒரு குடம்கூடக் கூடவில்லை. தூரம் அதிகம், ஏற்றம் குறைவு என்றால்தான் பைப் வைத்தியம். கிணற்றில் ஊற்றே இரண்டு மணி நேரத்தில் வற்றிவிடும் என்றாலும் இதனால் பயன் இல்லை.

புதிய லைன் இணைத்த அன்று பம்புக்குப் பாரம் குறையும், தண்ணீர் கூடும், அதோடு ஆம்பியரும் ஏறலாம். மோட்டார் தகட்டில் எழுதியுள்ள ஆம்பியரைத் தாண்டினால் மோட்டாருக்குள் இருக்கும் காயில் கம்பி கருகிவிடும். லைனில் தண்ணீரை அடைக்கும் கேட் வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடி, ஆம்பியர் மீட்டர் முள் அந்த அளவுக்குள் இறங்கிய இடத்தில் நிறுத்துங்கள். அப்புறம் மேட்டில் அதே பேரலை வைத்து மறுபடி அளந்து எனக்கு எழுதுங்கள்.