ஓடுனா கெண்டைக்கால் வலி, நின்னா போயிடுது... காலை எடுக்கணுமா டாக்டர்?

காலை எடுக்கற பேச்சுக்கே இங்க இடமில்ல, முதல்ல அந்த பயத்தை விடுங்க. நெட்ல நீங்க பார்த்த கறுத்துப்போன விரல் எல்லாம் பெரும்பாலும் வருஷக்கணக்கா சுகரும் சிகரெட்டும் சேர்ந்து கெடுத்த கால், 26 வயசுல தினம் ஓடற, சிகரெட்டே தொடாத உங்களுக்கு அந்தக் கதை பொருந்தாது. நீங்க எழுதியிருக்கற ராத்திரி சதை பிடிக்கறது, முட்டியில சொடக்கு சத்தம், தொடையில தெரியற பச்சை நரம்பு இதெல்லாம் மறந்துடுங்க.

ஆனா கடைசியில போற போக்குல ஒண்ணு எழுதியிருக்கீங்களே, ஓடி முடிச்சு ஷூவைக் கழட்டினா வலது பாதம் மட்டும் ஜில்லுன்னு இருக்கு, விரல் மரத்துப் போகுதுன்னு, எனக்கு அதுதான் முக்கியம். ஒரே கால், ஏறக்குறைய அதே தூரம், நின்னா ரெண்டு மூணு நிமிஷத்துல போயிடற வலி, கூடவே ஜில்லுன்னு பாதம்னா அதை சுளுக்குன்னு விடக்கூடாது, சதைக்கு ரத்தம் பத்தலையான்னு பார்த்தே ஆகணும்.

உங்க வயசுல கொழுப்பு அடைப்பு அபூர்வம். முழங்காலுக்குப் பின்னாடி போற ரத்தக்குழாயை கெண்டைச்சதை நெருக்குதான்னுதான் நான் முதல்ல பார்ப்பேன். சிலருக்கு பிறவியிலயே அந்த சதையோ குழாயோ இடம் மாறி அமைஞ்சிருக்கும், ஓடறப்ப சதை இறுகி குழாயை அமுக்கும், படுத்திருந்தா எல்லாம் நார்மல், அதனாலதான் உங்களைப் படுக்க வச்சு எடுத்த ஸ்கேன்ல ஒண்ணும் தெரியாம இருந்திருக்கலாம். உள்பக்க கணுக்கால் எலும்புக்குப் பின்னாடி விரல் வச்சா துடிப்பு தெரியும், இப்படி நெருக்கல் இருந்தா, பாதத்தைக் கீழ்ப்பக்கமா அழுத்தச் சொன்னா அந்தத் துடிப்பு எங்க விரலடியிலயே காணாம போகும். நல்லா இருக்கறவங்களுக்கும் சில பேருக்கு இப்படி ஆகும், அதனால வீட்ல செஞ்சு பார்த்துட்டு நீங்களே முடிவு கட்டாதீங்க. குழாய் சுவத்துல நீர்க்கட்டி வர்றதும் உண்டு, அது இன்னும் அபூர்வம்.

ஆஸ்பிரினை யாரைக் கேட்டு ஆரம்பிச்சீங்க? நெருக்கற சதையை மாத்திரை நகர்த்தாது, வயித்தைத்தான் புண்ணாக்கும். அந்த இறுக்க சாக்ஸையும் கழட்டிடுங்க, ரத்தம் குறைவோன்னு சந்தேகப்படற கால்ல அதைப் போடவே கூடாது.

ரத்தக்குழாய் ஆபரேஷன் செய்யற வாஸ்குலர் சர்ஜனைப் பாருங்க, ட்ரெட்மில்ல ஓட விட்டு முன்னாடியும் பின்னாடியும் கணுக்கால்ல பிரஷர் பார்ப்பாங்க, பாதத்தை நீட்டியும் மடக்கியும் ரத்த ஓட்டம் பார்க்கற டாப்ளர் ஸ்கேன் எடுப்பாங்க, ரெண்டு கால்லயும் எடுக்கச் சொல்லுங்க. சீக்கிரம் கண்டுபிடிச்சா சதையை விடுவிச்சாலே போதும், குழாய் கெட்டு உள்ள ரத்தம் உறைஞ்ச பிறகு போனா கால் குழாய்க்கு பைபாஸ் வரைக்கும் போகும். அதுவரை ஓட வேண்டாம். சும்மா இருக்கறப்பவே திடீர்னு பாதம் வெளிறி, ஜில்லிட்டு, விரலை அசைக்க முடியலைன்னா விடியட்டும்னு காத்திருக்காதீங்க, அந்த நிமிஷமே எமர்ஜென்சிக்குப் போங்க, சில மணி நேரம்தான் கையில இருக்கும்.