பிள்ளைகளுக்குப் பாட்டும் பரதமும்: சென்னைப் பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்

மயிலாப்பூரில் சின்னக் குழந்தைகளுக்கு வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன். மார்கழி நெருங்க நெருங்க இந்தக் கேள்விகள் வந்துகொண்டே இருக்கும். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

வேளச்சேரியிலிருந்து ஓர் அம்மா: டீச்சர், என் மகளுக்கு மூன்றரை வயது. எந்தப் பாட்டு கேட்டாலும் கூடவே பாடுகிறாள். இப்போதே வகுப்பில் சேர்த்துவிடலாமா?

இப்போது வேண்டாம் அம்மா. ஐந்து, ஐந்தரை வயது ஆகட்டும். முதல் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் மூன்று வேகத்திலும் திரும்பத் திரும்பப் பாடுவதற்குக் கொஞ்சமாவது உட்காரும் பொறுமை வர வேண்டும். அதுவரை காது பழகட்டும். ராத்திரி தூங்க வைக்கும்போது போனில் தம்புரா சுருதியைச் சன்னமாகப் போட்டுவிட்டு, ஒரே பாட்டை ஒரு வாரம் பாடுங்கள். உங்கள் குரல் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, சுருதி மட்டும் உயரமாக இருக்கட்டும். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ஐந்து, ஆறு கட்டைதான் (கட்டை என்பது சுருதியின் உயர அளவு) சௌகரியம்.

தாளத்தையும் விளையாட்டாகவே ஆரம்பிக்கலாம். தொடையில் ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டி வீச்சு, தட்டி வீச்சு. எட்டு எண்ணிக்கை, ஆதி தாளம் முடிந்தது. மூன்றரை வயதில் மோதிரவிரல் தனியாக வராது, பக்கத்து விரலையும் இழுத்துக்கொண்டு வரும். திருத்தவே திருத்தாதீர்கள், தானாகப் பிரியும்.

பெரம்பூரிலிருந்து ஓர் அப்பா: போன டிசம்பரில் ஆறு வயது மகனைக் கச்சேரிக்குக் கூட்டிப்போனேன். அரை மணி நேரத்தில் அழ ஆரம்பித்துவிட்டான். பக்கத்தில் இருந்தவர்கள் முறைத்தார்கள். இந்த வருடமும் முயற்சி செய்யலாமா?

கட்டாயம் செய்யுங்கள் சார். ஆனால் சாயங்காலப் பெரிய கச்சேரி வேண்டாம். இரண்டரை மணி நேரம் குழந்தைக்கு அதிகம். சீசனில் பல சபாக்களில் மதியக் கச்சேரிகளுக்கு டிக்கெட் கிடையாது. பாடுவது இளம் பிள்ளைகள், கூட்டமும் குறைவு. நடுவில் எழுந்து போனால் யாரும் வருத்தப்பட மாட்டார்கள், பாட்டு முடிந்த இடைவெளியில் எழுந்தால் போதும்.

கச்சேரி ஆரம்பிக்கக் கால் மணி முன்னால் போய், மிருதங்கக்காரரின் கை தெரிகிற பக்கமாக முன்வரிசையில் உட்காருங்கள். பாட்டு தொடங்கும் முன் அவர் செய்யும் வேலை எல்லாக் குழந்தைக்கும் பிடிக்கும். இடது பக்கத் தோலில் ரவையைக் குழைத்து அப்புவார், வலது விளிம்பைச் சின்னக் கல்லால் தட்டித் தட்டிச் சுருதி சேர்ப்பார். எதற்கு ரவை என்று மகன் கேட்பான். இடது பக்கம் கனமானால்தான் அந்தக் கும்மென்ற ஓசை வரும் என்று சொல்லுங்கள். பெரியவர்கள், தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் வந்ததும் கேன்டீனுக்குக் கிளம்புகிறார்கள். குழந்தைக்கோ அதுதான் கச்சேரி. கடம் இருந்தால் இன்னும் நல்லது.

பெரம்பூருக்கு மயிலாப்பூர் தூரம்தான். பாரிமுனையில் ராஜா அண்ணாமலை மன்றம் இருக்கிறதே, அங்கே 1943-இல் தொடங்கிய தமிழ் இசைச் சங்கத்தின் விழா டிசம்பரில் நடக்கும். எல்லாம் தமிழ்ப் பாட்டு. புரிகிற சொல் காதில் விழுந்தால் குழந்தை நிமிர்ந்து உட்காரும்.

சிறுசேரியிலிருந்து ஐடி வேலை பார்க்கும் தம்பதி: பெயர் பெற்ற ஒரு பாடகர் ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறார். எங்கள் குடியிருப்பிலேயே சாதாரணமாக ஒரு டீச்சரும் சொல்லித் தருகிறார். எது நல்லது?

குடியிருப்பு டீச்சர். வீடியோவில் குரல் ஒரு நொடியின் பகுதியாவது தாமதமாகத்தான் வரும். குருவும் பிள்ளையும் சேர்ந்து பாடவே முடியாது. ஆரம்பத்தில் குழந்தை ஸ்வரத்தைப் பிடிப்பதே டீச்சர் குரலோடு தன் குரலை ஒட்டவைத்துத்தான். இரண்டு மூன்று வருடம் போய் வர்ணம் என்ற பெரிய உருப்படியைப் பாடும் நிலைக்கு வந்தபின் ஆன்லைன் பரவாயில்லை. டீச்சரிடம் சேர்க்கும் முன் ஒரு வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். தப்பாகப் பாடிய பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதைக் கவனித்தால் போதும்.

அண்ணா நகரிலிருந்து: மகளுக்கு ஏழு வயது. ஒரு வருடமாகப் பரதம் கற்கிறாள். ஒன்பது வயதில் அரங்கேற்றம் செய்துவிடலாம் என்கிறார் டீச்சர். நடனக் கலைஞர் பாலசரஸ்வதி ஏழு வயதிலேயே ஆடினாராமே?

ஆடினார். 1925-இல், காஞ்சிபுரத்தில். ஆனால் அவர் எந்த வீட்டுக் குழந்தை என்று பாருங்கள். பாட்டி வீணை தனம்மாள். தாயார் ஜெயம்மாள் பாடகி. குரு கந்தப்பப் பிள்ளை பரம்பரையாக நடனம் பயிற்றும் நட்டுவனார். காலையில் கண் விழித்ததிலிருந்து சங்கீதம் காதில் விழுந்த குழந்தை அது. வாரம் இரண்டு வகுப்புக்குப் போகும் பிள்ளையை அதோடு ஒப்பிடுவது அவளுக்குச் செய்யும் அநியாயம்.

அடவுகள் என்ற அடிப்படை அசைவுகள் உடம்பில் ஊறவே ஓரிரு வருடம் ஆகும். முட்டியை மடக்கிப் பாதி உட்காரும் அரைமண்டியில் முட்டி கால்விரல் போகும் திசையில் திரும்ப வேண்டும். பாதத்தை மட்டும் விரித்து முட்டி உள்ளே மடிந்தால் நாளைக்கு வலி நிச்சயம். மகளை எதிரே நிறுத்தி இன்றே பாருங்கள். வகுப்புத் தரையையும் பாருங்கள். மார்பிளிலும் கான்கிரீட்டிலும் தினம் தட்டினால் சின்னக் கால் தாங்காது. மண்டபம், நகை, பக்கவாத்தியம், சாப்பாடு என்று அரங்கேற்றச் செலவு லட்சங்களில் போகும். நீண்ட உருப்படியான வர்ணம் முழுவதையும் மூச்சு வாங்காமல், அர்த்தம் புரிந்து ஆடும் வயது வரட்டும். அவசரப்படுத்தும் டீச்சரிடம் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கே.கே. நகரிலிருந்து ஒரு பாட்டி: பேரன் பரதம் கற்க ஆசைப்படுகிறான். உறவுக்காரர்கள் கேலி செய்கிறார்கள்.

சேர்த்துவிடுங்கள் பாட்டி. இன்று ஆடும் மார்க்கத்தை, அதாவது உருப்படிகளின் வரிசையை, வகுத்த சகோதரர்களான தஞ்சை நால்வர் நாலு பேரும் ஆண்கள். கேலி செய்கிறவர்களிடம் அதைச் சொல்லுங்கள்.

ராயபுரத்திலிருந்து: நாங்கள் கிறிஸ்தவர்கள். மகளுக்குக் கர்நாடக சங்கீதம் பிடித்திருக்கிறது. வகுப்பில் அவளை அந்நியமாக நடத்துவார்களோ என்று பயமாக இருக்கிறது, அக்கா.

உங்கள் பயம் காரணமில்லாதது என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் அப்படி நடக்கத்தான் செய்கிறது. சேர்க்கும்போதே வெளிப்படையாகப் பேசுங்கள். டீச்சர் முகம் சுளித்தால் வேறு இடம் பாருங்கள். இந்த இசை உங்கள் மகளுக்கும் சொந்தம். 1917-இல் கருணாமிர்த சாகரம் என்ற பெரிய இசை ஆராய்ச்சி நூலை வெளியிட்ட தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் கிறிஸ்தவர். நாதஸ்வரத்தில் கொடிகட்டிப் பறந்த ஷேக் சின்ன மௌலானா இஸ்லாமியர். இந்தப் பெயர்களை மகளுக்குச் சொல்லுங்கள், வகுப்பில் நிமிர்ந்து உட்காருவாள்.

வியாசர்பாடியிலிருந்து ஆட்டோ ஓட்டும் ஒருவர்: மாதம் ஆயிரக்கணக்கில் கட்டணம் கேட்கிறார்கள். எங்களைப் போன்றவர்களுக்கு வழி இருக்கிறதா மேடம்?

இருக்கிறது அண்ணா. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் எல்லாம் குறைந்த கட்டணத்தில் சொல்லித் தருகிறார்கள். முதலில் அங்கே விசாரியுங்கள். பிள்ளை நன்றாக வந்தால், பத்து முதல் பதினான்கு வயதுக்குள் மத்திய அரசின் கலாச்சாரப் பயிற்சி மையமான சிசிஆர்டி தரும் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம்.

கேட்பதற்குக் காசே வேண்டாம். பங்குனியில் மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் உற்சவத்துக்குக் கூட்டி வாருங்கள். சுவாமி புறப்படும்போது நாதஸ்வரத்தில் மல்லாரி என்ற புறப்பாட்டு இசையை வாசிப்பார்கள், கம்பீரநாட்டை ராகம். தவிலுக்குப் பக்கத்தில் நின்றால் அடி நெஞ்சில் விழும். அரங்கத்தில் எவ்வளவு விலை கொடுத்து டிக்கெட் வாங்கினாலும் அந்த அனுபவம் கிடைக்காது. மார்கழி விடியற்காலையில் மாடவீதிகளில் பஜனை போகும். பாடலாசிரியர் பாபநாசம் சிவன் பாடிக்கொண்டு நடந்த வீதிகள் அவை. பிள்ளை கூடவே பாடிக்கொண்டு நடக்கலாம்.

குரோம்பேட்டையிலிருந்து: ஒன்பது வயது மகன் இரண்டு வருடம் பாட்டு கற்றபின் இனி போக மாட்டேன் என்கிறான். வற்புறுத்தலாமா?

இரண்டு மாதம் விடுங்கள். வகுப்பு பிடிக்கவில்லையா, பாட்டே பிடிக்கவில்லையா என்று சண்டை போடாமல் விசாரியுங்கள். கூடப் படித்த நண்பன் நின்றுவிட்டான் என்பதுகூடக் காரணமாக இருக்கும். கை சும்மா இருக்காத பையன் என்றால் மிருதங்கத்துக்கு மாற்றிப் பாருங்கள். கற்ற தாளம் வீண் போகாது. மே மாத விடுமுறையில், செய்யாறு பக்கம் புரிசை போன்ற ஊர்களில் எங்கே தெருக்கூத்து நடக்கிறது என்று விசாரித்து ஓர் இரவு கூட்டிப்போங்கள். ஆட்டக்காரர்கள் முகத்தில் அரிதாரம் பூசும் இடத்தில் அவனை நிற்க விடுங்கள். தூக்கம் வந்தால் அங்கேயே பாயில் தூங்கட்டும். திரும்பி வந்ததும் வகுப்பைப் பற்றி நீங்களாகப் பேச்சை எடுக்காதீர்கள்.