இரவுக் கணினிக்கு ஒரே வேலை: வாசகர் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் உசிலம்பட்டியை அடுத்த சிற்றூர் ஒன்றில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஒமேகா செண்டாரி விண்மீன் கொத்தைப் பேரையூர்ப் பக்கத்திலிருந்து படம்பிடித்தது பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்கு இந்த ஆசை தொற்றியது. இன்று என்னிடம் 80 மில்லிமீட்டர் தொலைநோக்கியும், தொலைநோக்கியைத் தாங்கி வானத்தின் நகர்வுக்கேற்பத் திருப்பும், கணினியோடு இணையும் மவுண்டும், குளிரூட்டும் வசதியுள்ள கேமராவும் இருக்கின்றன. மாமனாரின் தென்னந்தோப்பில் வைத்துப் படம் எடுக்கிறேன்.

எனக்கு மேகத்தைவிடக் கணினிதான் அதிகத் தொல்லை தருகிறது. பள்ளி வேலைக்கும் வீட்டுக்கும் பயன்படும் மடிக்கணினியையே தோப்புக்கும் கொண்டுபோகிறேன். வானியல் மென்பொருள்கள் மட்டும் அதில் பதினொன்று இருக்கின்றன. தை அமாவாசை இரவில் நான் கயிற்றுக் கட்டிலில் கண்ணயர்ந்த நேரம் பார்த்து அது தானாக அப்டேட் ஆகி மறுபடி தொடங்கிவிட்டது. அடுத்த மாதம் மவுண்ட் இணையவே மறுத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, இரண்டு ஆண்டுப் படங்கள் இருந்த ஹார்ட் டிஸ்க் சென்ற வாரம் ‘டிக் டிக்’ என்று ஒலித்துவிட்டு நின்றுபோனது. 2024 அக்டோபரில் எடுத்த வால்மீன் படங்களும் அதில்தான் இருந்தன.

எல்லாவற்றையும் ஒரே சிறு பெட்டியில் அடக்கிய கருவியை வாங்கும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். மனைவியின் ஆறு ஆண்டுப் பழைய மடிக்கணினி ஒன்று அலமாரியில் கிடக்கிறது. ஆனால் மிகவும் மெதுவாக இயங்கும். நான் என்ன செய்யட்டும்?

இப்படிக்கு,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

அலமாரியில் கிடக்கும் அந்த மடிக்கணினியை எடுத்துத் தூசி தட்டுங்கள். உங்களுக்குத் தேவையான கணினி அதுதான். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை கேமராவிடமிருந்து ஒரு கோப்பை வாங்கி வைப்பதும், மவுண்ட் சரியாகத் திரும்புகிறதா என்று அறிய, வழிகாட்டு விண்மீனாக எடுத்துக்கொண்ட ஒன்று சில நொடிகளுக்கு ஒருமுறை நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து மவுண்டுக்குத் திருத்தம் சொல்வதும் ஒரு கணினிக்குக் கனமான வேலைகள் அல்ல. எண்பது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சேர்ப்பதுதான் கனமான வேலை. அதை மறுநாள் பகலில் உங்கள் நல்ல கணினி பார்த்துக்கொள்ளட்டும். பழைய மடிக்கணினி மெதுவாக இருப்பதற்குப் பெரும்பாலும் உள்ளே சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் காரணம். அதைக் கழற்றிவிட்டு, சுழலும் பாகமே இல்லாத 500 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றைப் போட்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். நான் வாங்கச் சொல்லும் முதல் பொருள் இந்த எஸ்எஸ்டி.

நண்பர்கள் சொல்லும் பெட்டியை நான் குறை சொல்லவில்லை. உள்ளே இருப்பது லினக்ஸில் ஓடும் சிறு கணினிதான், நன்றாகவே வேலை செய்யும். ஆனால் அவற்றுள் சில தம் நிறுவனத்தின் கேமராக்களோடு மட்டுமே பேசும். கேமராவை மாற்ற நினைக்கும் நாளில் பெட்டியையும் மாற்ற வேண்டிவரும். மேலும், நள்ளிரவில் அது படுத்துவிட்டால் திறந்து பார்ப்பதற்கு அதில் எதுவும் இல்லை.

இனி உங்கள் பதினொரு மென்பொருள்களுக்கு வருவோம். இரவுக் கணினியில், அதாவது தோப்புக்குப் போகும் அந்தப் பழைய மடிக்கணினியில், கருவிகளையும் மென்பொருள்களையும் ஒன்றோடொன்று பேசவைக்கும் ஆஸ்காம் தளமும் உங்கள் கருவிகளுக்கான டிரைவர்களும் இருக்க வேண்டும். படம் எடுக்க நீனா, வழிகாட்டு விண்மீனைப் பார்த்து மவுண்டைத் திருத்தும் கைடிங்குக்குப் பிஎச்டி2, எடுத்த படத்தை வைத்து வானத்தில் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்று கண்டுபிடிக்க அஸ்டாப், இவை போதும். அஸ்டாபுக்கு உரிய விண்மீன் தரவுத்தளத்தையும் சேர்த்து இறக்கி வைத்துவிட்டால் தோப்பில் இணையமே தேவைப்படாது. வான வரைபடம் காட்டும் ஸ்டெல்லேரியம் கைப்பேசியில் இருக்கட்டும். படங்களை அடுக்கிச் சேர்க்கும் சிரில் போன்றவை பகல் கணினிக்குப் போகட்டும். ஒரே வேலைக்கு இரண்டு மென்பொருள்கள் இருந்தால் இரண்டும் கேமராவைப் பிடித்துக்கொள்ளப் பார்க்கும், ஒன்று தோற்கும். பிழைச் செய்தி மட்டும் எது தோற்றது என்று சொல்லாது.

இவற்றுள் அஸ்டாபை மட்டும் யார் சொன்னாலும் எடுத்துவிடாதீர்கள். நாம் இருப்பது நிலநடுக்கோட்டிலிருந்து பத்து டிகிரிக்குள். துருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் பத்து டிகிரிதான் எழும். அந்த உயரத்தில் உங்கள் தோப்பில் தென்னை மட்டையும், அதையும் தாண்டினால் புழுதி மங்கலும்தான் இருக்கும். துருவ விண்மீனைப் பார்த்து மவுண்டின் சுழல் அச்சை வானத் துருவத்துக்கு நேர்செய்யும் வழிமுறைகளெல்லாம் வடநாட்டாருக்கும் மேலைநாட்டாருக்கும் எழுதப்பட்டவை. வானத்தின் வேறு பகுதியில் மூன்று இடங்களைப் படம் எடுத்து, அவற்றிலிருந்து மவுண்டின் அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிடும் முறை நீனாவில் ஒரு துணைநிரலாகக் கிடைக்கிறது. அந்தக் கணக்கு நடப்பது அஸ்டாபின் துணையால்தான்.

மவுண்ட் இணைய மறுத்ததற்கான காரணத்தை என்னால் ஊகிக்க முடிகிறது. மலிவான யூஎஸ்பி-சீரியல் கம்பிகளின் சில்லுகளுக்குத் தனித்தனித் தொடர் எண் இருப்பதில்லை. ஆகவே, அதே கம்பியை வேறு துளையில் செருகினால் விண்டோஸ் அதைப் புதிய கருவி என்று எண்ணி, இணைப்பை அடையாளம் காட்டும் ‘காம்’ எண்ணை வேறாகக் கொடுத்துவிடும். மென்பொருளோ பழைய எண்ணையே தட்டிக்கொண்டிருக்கும். இதற்கு என் வீட்டு வைத்தியம் தையல் நூல். மவுண்டின் கம்பிமுனையில் சிவப்பு நூலைச் சுற்றி, அது நுழைய வேண்டிய துளையின் ஓரத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன். கேமராவுக்கு மஞ்சள், வழிகாட்டு கேமராவுக்குப் பச்சை. என் இரவு விளக்கு சிவப்பு என்பதால் அதன் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரிந்தன. பிறகுதான் ஒரு முடிச்சு, இரண்டு முடிச்சு, மூன்று முடிச்சு என்று மாற்றினேன். இருட்டில் விரலே படித்துவிடுகிறது.

மவுண்டின் கடிகாரத்தையும் ஒருமுறை பாருங்கள். நம் நேரத்தை உலகப் பொது நேரம் என்று நினைத்து உள்ளிட்டுவிட்டால் பிழை ஐந்தரை மணி நேரம். வானம் மணிக்குப் பதினைந்து டிகிரி சுழல்வதால், தொலைநோக்கி 82 டிகிரிக்கு மேல் தள்ளிப் போய் நிற்கும். சில வேளைகளில் முக்காலியிலும் இடிக்கும்.

அப்டேட் தொல்லைக்கு ஒரு தீர்வு நம் நாள்காட்டியிலேயே இருக்கிறது. விண்டோஸ் அப்டேட்டை ஒரே மூச்சில் ஐந்து வாரம், அதாவது 35 நாள் நிறுத்திவைக்கலாம். ஒரு பௌர்ணமியிலிருந்து அடுத்த பௌர்ணமிக்கு இருபத்தொன்பதரை நாள். எனவே, பௌர்ணமி வாரத்தில் மட்டும் இரவுக் கணினியை இணையத்தோடு இணைத்து, வேண்டிய அப்டேட்களை எல்லாம் முடித்து, மறுபடியும் 35 நாளுக்கு நிறுத்திவிடுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவதே சித்ரா பௌர்ணமியை ஒட்டித்தான். அந்த வாரம் எப்படியும் நிலவொளியில் மங்கலான எதையும் படம்பிடிக்க முடியாது. அப்டேட் முடிந்த மறுநாள், வீட்டுக் கூடத்தில் தொலைநோக்கி இல்லாமலேயே கருவிகளையெல்லாம் இணைத்து ஒரு மணி நேரம் ஒத்திகை பாருங்கள். ஒரு டிரைவர் உடைந்திருந்தால் மின்விசிறிக்குக் கீழே தெரியட்டும், தோப்பில் தெரிய வேண்டாம்.

கணினி உறங்கும் அமைப்பை ‘ஒருபோதும் இல்லை’ என்று மாற்றுங்கள். மூடியை மூடினாலும் அது ஓட வேண்டும். யூஎஸ்பி துளைகளுக்கு மின்சாரத்தை இடையில் நிறுத்திச் சேமிக்கும் அமைப்பு ஒன்று மின் மேலாண்மைக்குள் ஒளிந்திருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். இரவில் காரணமே இல்லாமல் கேமரா துண்டிக்கப்படுவதில் பாதி இதனால் வருவது என்பது என் அனுபவம். மீதிப் பாதி, ஒரு துளையைப் பல துளைகளாக்கும், தனி மின்சாரம் இல்லாத ஹப்பாலும் ஐந்து மீட்டர் நீளக் கம்பியாலும் வருவது.

தோப்பு மின்சாரத்தை நம்ப வேண்டாம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்து வயலில் பம்புசெட் மோட்டார் ஓடத் தொடங்கும் அந்த ஒரு நொடி மின்னழுத்தச் சரிவிலேயே மவுண்ட் தான் எங்கே இருக்கிறோம் என்பதை மறந்துவிடக்கூடும். மடிக்கணினியைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணம் இங்கே இருக்கிறது: அதன் பேட்டரியே அதற்கு யூபிஎஸ். மவுண்டுக்கும் கேமராவுக்கும் 12 வோல்ட் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒன்று தனியாக வேண்டும். கேமராவின் குளிரூட்டி, பனி படியாமல் காக்கும் சூடேற்றும் பட்டை எல்லாம் சேர்ந்து சராசரியாக ஐந்து ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், ஆறு மணி நேரத்துக்கு 30 ஆம்பியர்-மணி. அதைவிடச் சற்றுக் கூடுதலாக வாங்குங்கள். நான் வாங்கச் சொல்லும் இரண்டாவது பொருள் இது.

வைரஸைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் ஒரு சொல். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ இல்லாத, மாதத்தில் சில நாள் மட்டுமே இணையம் பார்க்கும் கணினிக்குள் தீங்கு நுழைய மீதியிருக்கும் பெருவழி பென் டிரைவ்தான். பள்ளியில் வினாத்தாள் அச்செடுக்கக் கடை கடையாகப் போய்வந்த பென் டிரைவை அதில் செருகாதீர்கள்.

அடுத்ததுதான் உண்மையில் காக்கப்பட வேண்டியது. 26 மெகாபிக்சல் கேமரா ஒரு படத்துக்கு ஏறத்தாழ 52 எம்பி எழுதும். மூன்று நிமிடப் படங்களாக நான்கு மணி நேரம் எடுத்தால் எண்பது படங்கள், நாலு ஜிபிக்குச் சற்று அதிகம். இதைக் காப்பது கடினமே இல்லை. அடுக்கும்போது நடுவில் உருவாகும் கோப்புகள்தான் இதைப்போலப் பல மடங்கு இடத்தை அடைக்கும். அவற்றைத் தயங்காமல் அழித்துவிடுங்கள், மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். வானத்திலிருந்து வந்த மூலப் படங்களான ஃபிட்ஸ் கோப்புகளையும், கேமராவின், ஒளியமைப்பின் குறைகளைத் திருத்த எடுக்கும் அந்த இரவுக்குரிய ஃப்ளாட், டார்க் படங்களையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இரவில் படங்கள் கணினியின் உள் எஸ்எஸ்டியிலேயே விழட்டும். காலையில் வீடு திரும்பியதும், தூங்கப் போகும் முன், ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுங்கள். ‘கட்’ செய்யாதீர்கள். ஒமேகா செண்டாரியின் மூன்று இரவுப் படங்களை நான் ‘கட்’ செய்து ஒட்டியபோது கம்பி தளர்ந்து டிஸ்க் துண்டிக்கப்பட்டது. கோப்புப் பெயர்கள் எல்லாம் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் பூஜ்யம் பைட். தெற்கு வானில் 33 டிகிரிக்கு மேல் உயராத அந்தக் கொத்துக்காக அடுத்த சித்திரை வரை காத்திருந்தேன். இப்போது நகலெடுத்த பிறகு நாலைந்து கோப்புகளைத் திறந்து பார்த்து, மொத்த அளவையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் படுக்கிறேன். இரண்டாவது ஹார்ட் டிஸ்க் உங்கள் வீட்டில் இருக்கக் கூடாது. மாதம் ஒருமுறையாவது போய்வரும் உறவினர் வீட்டில் ஒன்றை வைத்து, போகும்போது புதுப்பித்து வாருங்கள். இரண்டு நகலும் சரிபார்க்கப்படும் வரை இரவுக் கணினியிலிருந்து எதையும் அழிக்காதீர்கள். ஆண்டுக்கணக்கில் சும்மா கிடக்கப்போகும் நகலுக்கு எஸ்எஸ்டியைவிடச் சுழலும் ஹார்ட் டிஸ்க்தான் பொருத்தம். மின்சாரமே காணாத எஸ்எஸ்டி நாளடைவில் மறக்கத் தொடங்கும்.

கோப்புறைக்கு நாள், பொருள் என்ற வரிசையில் பெயரிடுங்கள். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுத்த சூரியப் படங்கள் இன்று எண்ணிம வடிவில் ஆய்வுக்குப் பயன்படுகின்றன என்றால், கண்ணாடித் தகடு உடையாமல் இருந்தது மட்டும் போதாது. அது எந்த நாள், எந்த நேரத்து வானம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நம் நூறு ஜிபியை அந்தத் தகடுகளோடு ஒப்பிடுவது சற்று அதிகம்தான்.

இரவுக் கணினியே ஒருநாள் போய்விட்டால் என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவுசெய்துவிடலாம். நீனாவின் புரொஃபைல் கோப்புகளையும், பிஎச்டி2-இலிருந்து ஏற்றுமதி செய்த அமைப்புகளையும், டிரைவர்களின் நிறுவல் கோப்புகளையும் ஒரே கோப்புறையில் போட்டு, படங்களோடு அதையும் நகலெடுத்து வாருங்கள். எந்தக் கருவி எந்தக் காம் எண்ணில் என்பதை நாற்பது பக்க நோட்டில் எழுதிக் கேமராப் பையில் வையுங்கள்.

கடைசியாக, நின்றுபோன அந்த ஹார்ட் டிஸ்க். ‘டிக் டிக்’ ஒலி பெரும்பாலும் உள்ளே படிக்கும் முனை பழுதானதன் அடையாளம். மீண்டும் மீண்டும் செருகிப் பார்த்தால் முனை தகட்டை உரசி, மீதமிருப்பதும் போய்விடும். உடனே கழற்றி வையுங்கள்; குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும் என்று யாரேனும் சொன்னால் கேட்காதீர்கள். தரவை மீட்டுத் தருபவர்கள் இருக்கிறார்கள், ஆனால் செலவு அதிகம். மிருகசீரிடமும் ஓரியன் நெபுலாவும் மார்கழிதோறும் வரும். அவற்றுக்காக அந்தச் செலவைச் செய்ய வேண்டாம். வால்மீன் அப்படியன்று. 2024 அக்டோபரில் நாம் பார்த்த சுச்சின்சான்-அட்லஸ் நம் ஆயுளில் திரும்பப் போவதில்லை. அந்த மாதம் எடுத்த படத்தை யாருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள் என்று முதலில் நினைவுபடுத்திப் பாருங்கள். சுருங்கிய நகலாக இருந்தாலும் அவர்களின் கைப்பேசியில் அது இருக்கக்கூடும். அவர்கள் இட நெருக்கடியில் அழித்துவிடுவதற்குள் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அன்புடன்.